வெள்ளைப் பொடியா, பச்சைப் பொடியா?

கேள்வி: சம்பா நாற்றுக்கு நோய் வராமல் தடுக்க சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பொடி வாங்கினேன். பொடி வெள்ளையாக இருக்கிறது. இன்னொரு கடைக்காரர், “அசல் சரக்கு பச்சையாக இருக்கும், இது டம்மி” என்று இரட்டை விலையில் ஒரு பாக்கெட்டைக் காட்டுகிறார். போன வருடம் குலைநோய்ப் பூஞ்சாணத்தில் பாதி வயல் போனது. எதை நம்புவது?
— மன்னார்குடி வட்டத்து விவசாயி

பதில்: வெள்ளையையே போடுங்கள். பாக்டீரியாவை வெள்ளை டால்க் மாவில் கலந்துதான் பாக்கெட் போடுகிறார்கள்; உங்கள் கண்ணுக்குத் தெரிவது அந்த மாவு. அதில் அப்படிப் பச்சை தெரிந்தால், சாயம் கலந்திருக்கிறதோ என்றுதான் எனக்குச் சந்தேகம் வரும்.

பச்சை என்ற பேச்சு சும்மா கிளம்பியதல்ல. இரும்புச்சத்து கிடைக்காதபோது இந்த பாக்டீரியா பயோவெர்டின் என்ற மஞ்சள்பச்சை நிறமியைச் சுரக்கும். புற ஊதா விளக்கில் அது ஒளிரும். சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்ற முழுப்பெயரே அதனால்தான். மண்ணில் இருக்கும் இரும்பை அது வளைத்துக்கொள்வதால் நோய்ப் பூஞ்சாணம் பட்டினி கிடக்கும். இதெல்லாம் வேரடியில் நடக்கிற வேலை. பாக்கெட்டுக்குள் பார்க்க முடியாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அது எப்போது தயாரானது என்பதை. டால்க் பொடியில் உயிர் நன்றாக இருப்பது மூன்று நான்கு மாதம்தான். தகரக் கூரைக்கடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட் எந்த நிறத்தில் இருந்தால் என்ன?

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். டிரம்மில் வெல்லம் கரைத்து, ஒரு பாக்கெட்டைப் போட்டு, “ரெண்டு நாளில் பச்சையாயிடுச்சு, பெருகிடுச்சு” என்கிறார்களே, அந்தக் குறுக்கு வழி எனக்கு ஆகவே ஆகாது. மூடாத டிரம்மில் எது வளர்கிறது என்று யாருக்குத் தெரியும்? சூடோமோனாஸ் குடும்பத்திலேயே ஒரு பங்காளி உண்டு, ஏருஜினோசா. புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற கிருமி அது. அதுவும் பயோசயனின் என்ற நீலப்பச்சை நிறமியைக் கக்கும். 1899-இல் எம்மரிச், லோ என்ற ஜெர்மானியர்கள் அந்தக் கிருமியிலிருந்தே பயோசயனேஸ் என்று மருந்து எடுத்து, தொண்டை அடைப்பான் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நச்சுத்தன்மையால் அது நிலைக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே அந்தக் கதி. நீங்கள் முழங்காலில் சிராய்ப்போடு அந்தத் தண்ணீரில் இறங்குகிறீர்கள்.

அளவு தெரிந்திருக்கும்: விதைக்கு கிலோவுக்கு 10 கிராம். நடவு முடிந்து 30-ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவுங்கள். தாமிர மருந்தோடு ஒரே டேங்கில் மட்டும் கலக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியதை நீங்களே கொன்ற கதையாகிவிடும்.

அப்புறம், யூரியா கூடினால் குலைநோயும் கூடும்; நோய் வந்த அந்த வயலுக்கு எத்தனை மூட்டை போட்டீர்கள்? கடிதத்தில் அது இல்லையே. எழுதுங்கள்.