வாடகைக்காரர் வச்ச டீசல் ஒழுகினா வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பா?

கொழும்பு மட்டக்குளியில இருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கார். வீட்டை பின்வளவோட ஒரு கேட்டரிங் ஆளுக்கு வாடகைக்குக் குடுத்தவராம், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் அந்தாள் ஜெனரேட்டருக்கெண்டு டீசலை பரல்ல சேர்க்கத் தொடங்கி, லைன் எல்லாம் முடிஞ்ச பிறகும் பழக்கத்தை விடேல்ல, இப்ப ஒரு பரல் அடி கறள் பிடிச்சு ஒழுகி மண்ணுக்குள்ள இறங்கிட்டுது. பக்கத்து வீட்டுக் கிணத்தில எண்ணெய் மினுங்குதாம். அவங்கட லோயர் நட்டஈடு கேட்டு அண்ணாட பேருக்கு லெட்டர் அனுப்பியிருக்கார். "தற்செயலா நடந்தது, நான் அங்க இருக்கவும் இல்ல, நான் ஏன் கட்டணும்?"

அண்ணா, தற்செயல் எண்ட கதையை லெட்டருக்குப் பதிலா எழுதிப் போடாதீங்க. 1980ம் ஆண்டு 47ம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில மண் மாசுக்கெண்டே 23எம், 23என் எண்டு பிரிவுகள் இருக்கு. மண்ணைக் கெடுத்தவர் மட்டுமில்ல, கெடுக்க இடம் குடுத்தவரும் அதுக்குள்ள வருவார். உங்களுக்கு சிக்கல் அந்த "இடம் குடுத்தவர்" எண்ட இடத்திலதான். வாடகை வாங்கப் போகேக்க பரலைக் கண்டனான், உள்ள எடுத்து வையுங்கோ எண்டு வட்ஸ்அப்பில சொன்னனான் எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. அந்த மெசேஜ் ரெண்டு பக்கமும் வெட்டும்: நீங்க கண்டிச்சதுக்கும் அதுதான் சாட்சி, உங்களுக்குத் தெரியும் எண்டதுக்கும் அதுதான் சாட்சி. என்ன இருந்தாலும் அழிச்சுப் போடாதீங்க, அழிச்சது தெரிஞ்சா இன்னும் மோசம்.

பக்கத்து வீட்டுக்காரர் காசு கேட்கிறது வேற வழி, சிவில் வழக்கு. ஒல்லாந்தர் காலத்தில இருந்து இலங்கையில இருக்கிற ரோமன் டச்சுச் சட்டப்படி கவனக்குறைவால நட்டம் வந்ததெண்டு அவங்க நிரூபிக்கணும், வேணுமெண்டு செய்ததா காட்டத் தேவையில்ல. பரல் வச்சது வாடகைக்காரர், அதால முதல் பொறுப்பு அவற்ற தலையில. ஆனா கறள் பிடிச்ச பரலைக் கண்டும் சும்மா விட்ட சொந்தக்காரர் எண்டு உங்களையும் இழுப்பாங்க, வாடகைக்காரர் ஓடிட்டா காணியோட நிக்கிறது நீங்கதானே. இந்த வழக்குக்கு ரெண்டு வருசம்தான் காலம், அதால அவங்க சும்மா இருக்கமாட்டாங்க.

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளுக்குள்ள இறங்கின கதை எங்கட ஆக்களுக்குத் தெரியும். அது அடிப்படை உரிமை வழக்கு, மின் நிலையக் கம்பனி சம்பந்தப்பட்டது, உங்கட விசயத்தை விடப் பெரிசு. எண்டாலும் 2019 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) கெடுத்தவரே செலவைக் கட்டணும் எண்ட கொள்கையை வச்சுத்தான் அந்தக் கம்பனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. இப்ப எந்த லோயரும் அதைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்.

இப்ப செய்ய வேண்டியது. மிச்சப் பரல்களை சீமெந்துத் தரைக்கு மாத்தச் சொல்லுங்க. ஒழுகின இடத்தை சவுக்காரத் தண்ணி ஊத்திக் கழுவ விடாதீங்க, எண்ணெய் இன்னும் கீழ இறங்கும். மேல மண் போட்டு மூடவும் வேண்டாம், மறைச்ச மாதிரிப் போயிடும். பரல், மண், சுவர் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுத்தில நீங்களே முதல்ல அறிவியுங்க, பக்கத்து வீட்டார் முறைப்பாடு குடுக்க முதல் நீங்க குடுத்தா நிலைமை வேற. கிணத்துத் தண்ணியையும் மண்ணையும் ரெண்டு தரப்பும் நிக்கேக்க எடுத்து டெஸ்ட் பண்ணுங்க, இல்லாட்டி பிறகு சாம்பிள் எங்க எடுத்தது எண்டு சண்டை. அதுவரைக்கும் அவங்களுக்குக் குடிக்கிற தண்ணி குடுக்கிறது நல்லது, ஆனா பொறுப்பை ஏத்துக்கொள்ளாமத்தான் குடுக்கிறோம் எண்டு ஒரு வரி எழுதிக் குடுங்க.

லெட்டருக்கு அதில குறிச்ச திகதிக்குள்ள லோயர் மூலம் பதில் போகணும். அதே கிழமை வாடகைக்காரருக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்க, வழக்கு வந்தா அவரையும் பிரதிவாதியாச் சேர்க்கக் கேட்கலாம். அக்ரிமெண்டில சேதத்துக்கு அட்வான்ஸ்ல பிடிக்கலாம் எண்டு இருந்தா, இது முடியும்வரை அந்தக் காசைத் திருப்பிக் குடுத்திடாதீங்க.