வாசித்தவருக்கு இத்தனை மரியாதையா?

கேள்வி: ஸ்பெயின் நாட்டுத் தொலைக்காட்சியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ரோசா மரியா மாதேயோவைப் பெரிய பத்திரிகையாளர் என்று குறிப்பிடுகிறீர்கள். பிறர் எழுதிக் கொடுத்ததைக் கேமரா முன் அமர்ந்து அழகாக வாசித்ததைத் தவிர அவர் செய்தது என்ன? கடைசியில் ஆளுங்கட்சியின் தயவில் அரசுத் தொலைக்காட்சியின் தலைமைப் பதவியையும் பெற்றவர்தானே?
– ஒரு வாசகர்

பதில்: அவர் செய்தது என்ன என்று கேட்டிருப்பதால், அவர் வாசித்த ஒரு தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

1981 பிப்ரவரி 23 அன்று மாலை, ஸ்பெயினின் புதிய பிரதமரைத் தேர்ந்தெடுப்பதற்காக நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்கும் நோக்கில் லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ கையில் துப்பாக்கியோடு அவைக்குள் நுழைந்தார். அவருடன் வந்த சிவில் காவல் படையினர் கூரையை நோக்கிச் சுட்டார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் இருக்கைகளுக்கு அடியில் பதுங்கினார்கள். அரசுத் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவாளர் பேத்ரோ பிரான்சிஸ்கோ மார்த்தீன், கேமராவை நிறுத்தும்படி மிரட்டப்பட்ட பிறகும் அதை ஓடவிட்டதால், அரை மணி நேரத்துக்கும் மேலான காட்சி பதிவாயிற்று. அது மறுநாள்தான் மக்களின் கண்ணுக்கு வந்தது. இதற்கிடையே மாட்ரிட் புறநகரில் இருந்த தொலைக்காட்சி நிலையத்தையும் இராணுவத்தினர் சில மணி நேரம் தம் பிடியில் வைத்திருந்தார்கள். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பின் கவிழ்ப்பை எதிர்த்து மன்னர் ஹுவான் கார்லோஸ் ஆற்றிய உரை ஒளிபரப்பான பிறகே நாடு மூச்சு விட்டது.

நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, அரசியலமைப்பைக் காக்க மாட்ரிட் வீதிகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஒரே பதாகைக்குப் பின்னால் சோசலிஸ்ட் தலைவர் ஃபெலிப்பே கொன்சாலஸும், கம்யூனிஸ்ட் தலைவர் சந்தியாகோ கரீயோவும், சர்வாதிகாரி பிராங்கோவின் அமைச்சரவையில் இருந்த மனுவேல் ஃப்ராகாவும் நடந்தார்கள். 1936–39 உள்நாட்டுப் போரின் இரு கரைகளிலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் நம்பாதவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான உறுதிமொழியை மக்கள் முன் யார் வாசிப்பது? எந்தத் தலைவர் வாசித்திருந்தாலும் அது அவருடைய கட்சியின் அறிக்கையாகிவிட்டிருக்கும். நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் அதை வாசித்தவர் ரோசா மரியா மாதேயோ. அன்றும் தாளில் இருந்தது பிறர் எழுதிய வாசகம்தான். ஆயினும் அதை வாசிக்கும் தகுதி அந்தக் கூட்டத்தில் வேறு எவரையும்விட அவருக்கே இருந்தது. அந்தத் தகுதி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

அவர் 1942இல் புர்கோஸ் நகரில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிராங்கோவின் தலைநகராக இருந்த ஊர் அது. 1963இல் ஸ்பெயின் தேசிய வானொலியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் தொலைக்காட்சிக்கு வந்தார். அப்போது ஒலிபரப்பைத் தன் கையில் வைத்திருந்த தகவல் துறையின் அமைச்சர், பின்னாளில் அதே பதாகையைப் பிடித்து நடந்த ஃப்ராகாதான். அந்த ஸ்பெயினில் தனியார் வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இயலாது. குறித்த நேரத்தில் தேசிய வானொலியின் செய்தி அறிக்கையை அஞ்சல் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 1977 வரை நீடித்தது. தொலைக்காட்சியோ முழுக்க முழுக்க அரசின் உடைமை. மணமான பெண் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கணவனின் அனுமதி தேவை என்ற சட்டம் 1975இல்தான் நீங்கியது. அப்படிப்பட்ட நாட்டில், அப்படிப்பட்ட நிறுவனத்தில், ஒரு பெண்ணின் முகமும் குரலும் கனமான செய்திகளுக்கு உரியவையாக ஏற்கப்பட்டது தானாக நிகழ்ந்துவிடவில்லை.

அந்தக் காலத்தில் அவர் வாசித்த செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டவை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்நிறுவனத்தில் பணியாற்றிய எவரும் அதிலிருந்து தப்பவில்லை. 1973இல் பேத்ரோ எர்கீசியா தொடங்கிய ‘இன்ஃபோர்மே செமனால்’ என்ற வாராந்திரச் செய்தித் தொகுப்பு அந்த இறுக்கத்துக்குள்ளேயே ஒரு சாளரத்தைத் திறந்தது. ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு அதன் பின்னணியையும் விளைவையும் விரிவாகக் காட்டும் அந்த நிகழ்ச்சியின் முகமாக 1970களில் மாதேயோ இருந்தார். பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தபோதும், கட்சிகள் சட்டபூர்வமானபோதும், 1978இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பை ஏற்றபோதும், அந்த மாற்றங்களின் பொருளை வாரந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்த குரல்களில் அவருடையதும் ஒன்று. அரசு நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனத்தின் அலைவரிசைக்கு மாற வழியில்லாத அந்த நாட்களில், வலதுசாரி வீட்டிலும் இடதுசாரி வீட்டிலும் அதே குரல்தான் ஒலித்தது. தன் விருப்பு வெறுப்பை அதில் ஏற்றாமல், பதற்றமான செய்தியைப் பதறாமல் சொல்லி, பல ஆண்டுகள் சேர்த்துவைத்த நம்பிக்கைதான் 1981இல் பயன்பட்டது. வாசிப்பு என்று நீங்கள் ஒதுக்குவது இதைத்தான்.

கூடவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதியவரே செய்தியாளர், வாசிப்பவர் வெறும் கருவி என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எழுத்து வல்லுநரின் அறிக்கையைத் தவறான சொல்லில் அழுத்தம் கொடுத்து வாசித்தால் பொருளே திரும்பிவிடும். ஒலிபரப்பில் அது நிகழ்ந்தபின் திருத்தம் வெளியிட்டு எல்லோரிடமும் சேர்ப்பது இயலாது. அந்தப் பொறுப்பை அன்றாடம் சுமப்பவருக்குப் பத்திரிகையாளர் என்ற பெயரை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

1990களில் ஸ்பெயினில் தனியார் தொலைக்காட்சி தழைக்கத் தொடங்கியதும் அவர் ஆந்தேனா 3 அலைவரிசைக்குச் சென்று செய்தி வழங்கினார். 2003இல் அங்கு நடந்த ஆட்குறைப்பில் வேலை இழந்தார். நாற்பது ஆண்டு அனுபவம் கொண்டவருக்குக் கிடைத்த வழியனுப்பு அது. அடுத்த ஆண்டே சோசலிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்து 2011 வரை ஆண்டது. அந்த ஏழு ஆண்டுகளில் அரசுத் தொலைக்காட்சியின் தலைமைப் பொறுப்பு எதுவும் மாதேயோவுக்கு வரவில்லை. ஆளுங்கட்சியின் தயவில் வளர்ந்தவர் என்று எழுதும் முன் இதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

2018ஆம் ஆண்டைப் பற்றிய உங்கள் குற்றச்சாட்டில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. அவ்வாண்டு வசந்த காலத்தில், பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் பெண் செய்தியாளர்கள் தொடங்கிய ‘கறுப்பு வெள்ளி’ போராட்டத்தில், ஊழியர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கறுப்பு உடை அணிந்து திரையில் தோன்றினார்கள். தலைமையைத் திறந்த போட்டியின் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2017இல் இயற்றிய சட்டத்தைச் செயல்படுத்துங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. ஜூனில் சோசலிஸ்ட் கட்சியின் பேத்ரோ சான்செஸ் பிரதமரானார். நிர்வாகக் குழுவுக்கு முன்மொழிந்த பெயர்கள் நாடாளுமன்றத்தில் தேறாமல்போகவே, 76 வயது மாதேயோ தற்காலிகத் தனி நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். போட்டி முடியும் வரை என்று சொல்லி அமர்த்தப்பட்டவர் 2021 மார்ச் வரை, இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல், அந்த நாற்காலியில் இருந்தார்.

அந்தக் காலத்தில் அவர் செய்த மாற்றங்களைக் களையெடுப்பு என்று எதிர்க்கட்சிகள் சாடின. முதன்மை அலைவரிசையின் பார்வையாளர் பங்கு 2019இல் 10 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு பெயர் அந்த ஆண்டுகளில் ஒரு தரப்பின் பெயராகப் பார்க்கப்பட்டது எனக்கு வருத்தமே. பொறுப்பேற்றவர் என்ற முறையில் அவரும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் நிபுணர் குழு அமைத்து, விண்ணப்பங்களைப் பெற்று, சட்டப்படி தேர்வு செய்யும் பணியைக் கிடப்பில் போட்டவர்கள் நாடாளுமன்றக் கட்சிகள். எந்தத் தரப்பும் விலக்கன்று. அவர்கள் உரிய காலத்தில் உடன்பட்டிருந்தால் மாதேயோ சில மாதங்களில் வீடு திரும்பியிருப்பார். தாமதத்துக்கான கேள்வியை அவர்களிடம் கேளுங்கள். மாதேயோவின் நாற்பது ஆண்டுப் பணியை அந்த இரண்டரை ஆண்டுகளைக் கொண்டு எடைபோடுவதற்கு நான் உடன்படமாட்டேன்.