காற்றைப் பார்த்து வழி எடுங்கள்: சைக்கிள் கேள்வி பதில்

யாழ். நகரத்துக்குள்ளும் சுற்றிலும் பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓடுகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். காலையில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி, இடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வீடு திரும்புவது வழக்கம். போகும்போது சுகமாக இருக்கிறது. திரும்பும்போது தொடை கடுத்து மூச்சு வாங்குகிறது. வயதுதான் காரணமா? எல்லா மாதமும் ஒரே வழியில் போகலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: ஐயா, நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அது இல்லையென்றால், வயதை விட்டுவிட்டுக் காற்றைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மலைநாட்டில் ஏற்றம் செய்கிற வேலையை இங்கே காற்றுச் செய்கிறது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் உழக்குகிறீர்கள், எதிரே அதே வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைப்போம். உங்கள் உடம்பில் படுகிற காற்றின் வேகம் 30. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும். அதே காற்று முதுகில் இருந்தால் தடையே தெரியாது. நீங்கள் போகும்போது அனுபவிக்கிற சுகம் முழுவதையும் திரும்பும்போது கால் கட்டித் தீர்க்கிறது.

ஆகவே முதல் பாதி காற்றுக்கு எதிராக, இரண்டாம் பாதி காற்றோடு. எந்த மாதமானாலும் இதை மாற்றாதீர்கள். வழியை மாதத்துக்கு மாதம் மாற்றுங்கள்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகக் காற்றுத் தென்மேற்கிலிருந்து வரும். அந்த மாதங்களுக்குப் பண்ணை வழி பொருத்தம். கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி, அதைத் தாண்டி அல்லைப்பிட்டிப் பக்கம். விடியற்காலையில் சோளகம் சற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற பலக்கும். ஜூனில் 5.50 அளவில் சூரியன் உதிக்கும், அந்த வெளிச்சத்தோடு புறப்பட்டால் எதிர்க்காற்றின் முழுப் பலத்தையும் வாங்க வேண்டியதில்லை. திரும்பும்போது பலத்த காற்று முதுகில் தள்ளும். பாலத்தில் நிழலும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. அங்கே ஒன்றில் மிகக் கவனம்: பக்கத்தால் பஸ் போகும்போது ஒரு கணம் காற்று மறைக்கப்படும், பஸ் கடந்ததும் திடீரென்று அடிக்கும். கைகளை இறுக்காமல், முழங்கையைச் சற்று மடித்து, வீதி ஓரத்துக்கு அரை மீற்றராவது உள்ளே ஓடுங்கள்.

கார்த்திகை, மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது பருத்தித்துறை வீதியைப் பிடியுங்கள்: நல்லூர், முத்திரைச்சந்தி, இருபாலை, கோப்பாய். நகரிலிருந்து கோப்பாய்க்கு ஆறேழு கிலோமீற்றர்தான். கால் ஒத்துழைத்தால் நீர்வேலி வாழைத்தோட்டங்கள் வரை போகலாம். வாடை முதுகில் தள்ள வீடு திரும்பலாம்.

பங்குனி, சித்திரையில் காற்றுக் குறைவு, வெக்கை அதிகம். ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த மாதங்களில் தூரத்தைக் குறைத்து, பழைய பூங்கா, சுண்டுக்குளி, கடற்கரை வீதி, பாசையூர் என்று சிறிய வட்டமாகச் சுற்றி ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கோப்பி எங்கே? திரும்புகிற இடத்தில். இருபது நிமிடம் இருந்து எழும்பினால் தசை குளிர்ந்துவிடும். குளிர்ந்த காலோடு எதிர்க்காற்றில் ஏறுவது கொடுமை, பின்காற்றில் ஏறினால் உடம்பு தானாகச் சூடு பிடிக்கும். காற்றுத் திசை தெரியாவிட்டால் தென்னோலையையோ கொடியில் காய்கிற சேலையையோ பாருங்கள்.

கேள்வி: மழையில் எனது சைக்கிளுக்குப் பிறேக் அறவே பிடிப்பதில்லை. கட்டையை மாற்றியும் அதே கதைதான். பழைய லேடீஸ் சைக்கிள், பளபளப்பான இரும்பு றிம்.
– வாசகி, நல்லூர்

பதில்: கட்டையில் பிழை இல்லை, றிம்மில்தான். குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால், அதற்கும் இறப்பர் கட்டைக்கும் நடுவே தண்ணீர் வழுக்கும். காய்ந்திருக்கும்போது கிடைக்கிற பிடியில் சிறு பங்குதான் மிஞ்சும். அலுமினிய றிம்மில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. முன் சில்லுக்கு மட்டுமாவது அலுமினிய றிம் போட்டுக் கம்பி கட்டுவித்தால் பெரிய வித்தியாசம் தெரியும், ஏனென்றால் நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி முன் பிறேக்கினுடையது. ஆனால் உங்களுடையது றொட் பிறேக் (வயருக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுபடுவது) என்றால் இது சரிவராது. அதன் கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தை உரசுபவை, சாதாரண அலுமினிய றிம் அதற்குப் பொருந்தாது.

மாற்ற முடியாதவர்கள் மூன்று வேலை செய்யலாம். கட்டையைக் கழற்றி அதில் புதைந்த மணலை ஊசியால் கிளறி எடுத்து, கண்ணாடிபோல மினுங்கும் மேற்பரப்பை மண்தாளால் உரசிவிடுங்கள். றிம்மைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். மண்ணெண்ணெய் படலம் விடும், பாவிக்க வேண்டாம். கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் 2 மில்லிமீற்றருக்கு மேல் வெளி விடாதீர்கள்.

ஓடும்போது சந்தி வருவதற்கு நன்கு முன்னரே பிறேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டு சில்லை நாலைந்து சுற்று விடுங்கள். தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிறேக் பிடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வெள்ளம் நிற்கிற ஒழுங்கைக்குள் இறங்கவே வேண்டாம். வாய்க்காலும் குழியும் தண்ணீருக்குக் கீழே ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த மாதங்களில் நூலகம், கோட்டை, ஆரியகுளம் என்று தார் வீதியில் சிறு சுற்றும், கூரை உள்ள தேத்தண்ணிக் கடையும் போதும்.

கேள்வி: வீடு கடலுக்குக் கிட்ட. செயினுக்கு வாரா வாரம் தேங்காய் எண்ணெய் விடுகிறேன், ஆனாலும் கறள்.
– வாசகர், குருநகர்

பதில்: தேங்காய் எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். அது நாளடைவில் பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அது அரம். தையல் மெசின் எண்ணெய் கெடுதல் செய்யாது, ஆனால் மெல்லியது, ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. கறுத்த கழிவு ஒயிலில் இரும்புத் தூள் இருக்கிறது, அதுவும் வேண்டாம். சைக்கிள் செயின் ஒயில் சிறந்தது. கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஒயில் கொஞ்சம்.

விடுகிற முறைதான் முக்கியம். உப்பை எண்ணெயால் மூடினால் உள்ளே கறள் தொடரும், அதனால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடலோரக் கிணறுகள் பல சவர், அந்தத் தண்ணீரால் கழுவினால் மறுபடியும் உப்பைத்தான் பூசுவீர்கள். கழுவிய பின் துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணிநேரம் காய விடுங்கள். பிறகு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி. ஒரு செயினில் ஏறத்தாழ 110 உருளைகள் இருக்கும், ஐந்து நிமிட வேலை. பத்து நிமிடம் விட்டு, வெளியே இருக்கிற எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை ஆணிக்கும் உருளைக்கும் உள்ளேதான், வெளியே மினுங்குவது மணலுக்கு அழைப்பு.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அடிமட்டத்தால் பார்க்கலாம். ஒரு கண்ணி அரை அங்குலம், 24 கண்ணிகள் ஆணி மையத்திலிருந்து ஆணி மையம் வரை சரியாக 12 அங்குலம். அது 12 1/16 ஆனால் செயினை மாற்றுங்கள். 12 1/8 வரை விட்டால் பற்சில்லும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் வழுக்கும். அப்போது செலவு இரட்டிப்பு.

கேள்வி: ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் ஒரு ஓட்டையும் இல்லை. ஆனால் இரண்டு நாளில் காற்று இறங்கிவிடுகிறது.
– வாசகர், கோண்டாவில்

பதில்: காரணம் வால்வ்ரியூப். நமது சாதாரண சைக்கிள் வால்வின் உள்ளே ஊசிபோன்ற சிறு குழாயும், அதன்மேல் வால்வ்ரியூப் என்கிற ஒரு மெல்லிய இறப்பர் உறையும் உண்டு. அடிக்கிற காற்று குழாயின் பக்கத் துளையால் வெளிவந்து இறப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், பின் இறப்பர் துளையை மூடிக்கொள்ளும். வெக்கையில் அந்த இறப்பர் ஒட்டிக்கொள்ளும் அல்லது வெடிக்கும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் சந்தேகமே இல்லை. புது உறை துளையை மூடி, மேலே தடித்த பகுதி வரை ஏறி நிற்க வேண்டும். கட்டையாக வெட்டினால் அந்த இடத்தால் ஒழுகும். வெக்கை காலத்துக்கு முன் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, சில ரூபா வேலை.

உண்மையிலேயே முள் ஏறியிருந்தால் (கோடையில் ஒழுங்கைகளில் நெருஞ்சி, வெட்டிப்போட்ட வேலியோரம் உடைமுள்) ரியூப்பை ஒட்டுவதற்கு முன் ரயரின் உட்பக்கத்தைப் பழந்துணியால் சுற்றித் தடவுங்கள். துணி இழுபடுகிற இடத்தில் முள்நுனி இருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் மறுநாளும் காற்றுப் போகும். ஒட்டுக் கழன்று வருவதற்குக் காரணம் அவசரம்: ரியூப்பை மினுக்கம் போகும்வரை உரச வேண்டும், சொலூசன் பூசி ஐந்து நிமிடம் காய விட்டு, விரலில் ஒட்டாத நிலை வந்த பிறகே துண்டை வைத்து அழுத்த வேண்டும்.

கேள்வி: வெயிலில் ஓடும்போது கோப்பி குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றும் என்கிறார்கள். நாங்கள் நாலு தோழிகள், ஞாயிறுதோறும் ஓடுகிறோம். கடைக்குப் பதில் பிளாஸ்கில் கொண்டுபோக ஒரு அளவு சொல்வீர்களா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒன்றிரண்டு கோப்பை கோப்பியால் தண்ணீர் வற்றாது. ஆனால் அது வியர்வைக்கு ஈடும் ஆகாது. மணிக்கு அரை லீற்றர் தண்ணீர், சித்திரை வெக்கையில் முக்கால் லீற்றர், தேசிக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து. கோப்பியின் தெம்பு முழுதாகத் தெரிய அரை மணி முதல் ஒரு மணிநேரம் எடுக்கும், அதனால் திரும்புமிடத்தில் குடித்தது வீடு வரும் வழிக்கு உதவும். பின்னேரம் ஓடுபவர்கள் கவனிக்க: குடித்து ஐந்து மணிநேரம் கழித்தும் அதில் பாதியளவு உடம்பில் நிற்கும், நித்திரை குழம்பலாம்.

நாலு பேருக்குச் சிறு கோப்பையில் அரை லீற்றர் பிளாஸ்க் போதும். முதலில் பிளாஸ்கில் கொதிதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள், இல்லாவிட்டால் கோப்பியின் சூட்டை அதுவே குடித்துவிடும். 500 மில்லிலீற்றர் தண்ணீரைத் தட்டிய சுக்குத் துண்டோடு கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, குவித்த நாலு தேக்கரண்டி கோப்பித்தூள் போட்டு மூடுங்கள். தூளைப் போட்டபின் கொதிக்க விட்டால் கைக்கும். ஐந்து நிமிடத்தில் தூள் அடியில் தங்கும், துணியால் வடித்து ஊற்றுங்கள். பால் சேர்க்க வேண்டாம், வெக்கையில் பழுதாகும். இனிப்புக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடியுங்கள், ஆளுக்கு ஒரு சிறு துண்டு. சலரோகம் உள்ளவர்களுக்குப் பனங்கட்டியும் சீனிதான். வெறும் வயிற்றில் கோப்பி எரிக்கும், ஒரு வாழைப்பழம் முதலில் சாப்பிடுங்கள். வடையும் வாய்ப்பனும் ஓட்டம் முடிந்த பிறகு.

கேள்வி: 26 அங்குல ரயர் என்று கேட்டு வாங்கினேன், றிம்மில் ஏறவில்லை.
– வாசகர், மானிப்பாய்

பதில்: 26 என்று எழுதியவை எல்லாம் ஒரே அளவு அல்ல. 26 x 1 3/8 ரயர் உட்காருகிற விட்டம் 590 மில்லிமீற்றர், மலைச் சைக்கிளின் 26 x 1.75 உடையது 559. பழைய ரயரின் பக்கத்தில் உள்ள முழு எழுத்தையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: புகையிரதக் கடவையில் என் சைக்கிள் இரண்டு தடவை சறுக்கிவிட்டது.
– மாணவன், இணுவில்

பதில்: தம்பி, காங்கேசன்துறைப் பாதையின் தண்டவாளத்தைச் சில ஒழுங்கைகள் சரிவாக வெட்டுகின்றன. சரிவாகப் போனால் முன் சில்லு பள்ளத்துக்குள் விழும், நனைந்த தண்டவாளம் சவர்க்காரம்போல வழுக்கும். பின்னால் வருபவரைப் பார்த்துவிட்டு, சற்று விலகி, தண்டவாளத்துக்குச் செங்குத்தாக வாருங்கள். தண்டவாளத்தின்மேல் திருப்பவும் வேண்டாம், பிறேக் பிடிக்கவும் வேண்டாம். மழையென்றால் இறங்கி உருட்டுங்கள்.

கேள்வி: டைனமோ லைற் மழையில் மங்குவது ஏன்?
– வாசகர், அரியாலை

பதில்: நனைந்த ரயரின் பக்கத்தில் டைனமோவின் உருளை வழுக்குகிறது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு றேடியோ கேட்கத் தந்த அதே டைனமோதான், அதைக் குறைசொல்ல மனம் வராது. உருளை தேய்ந்திருந்தால் மாற்றி, அதன் அச்சு சில்லின் மையத்தை நோக்கும்படி கட்டுங்கள். நின்றால் லைற்றும் நின்றுவிடும் என்பதால் பின்னுக்குப் பற்றரியில் எரியும் சிவப்பு லைற் ஒன்று கட்டாயம் வேண்டும். நவம்பரில் பின்னேரம் 5.45 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும்.

கேள்வி: நல்லூர்த் திருவிழா நாட்களில் எங்கள் காலை ஓட்டத்தை எப்படி வைத்துக்கொள்வது?
– வாசகி, கல்வியங்காடு

பதில்: கொடியேற்றம் முதல் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களுக்குத் தடை. சைக்கிளைத் தடைக்கு வெளியே சைக்கிள் பாதுகாப்பிடத்தில் விட்டு, தருகிற துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அது சோளக மாதம் என்பதால் பண்ணைப் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பும் வழியில் கோயிலுக்குப் போவது வசதி. தேர், தீர்த்த நாட்களில் விடியமுன்பே சனம் நிறைந்துவிடும், அந்த இரண்டு நாளும் ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.