அது வெறும் தட்டச்சு வேலை அல்ல

"பட்டம் வாங்கிய என் மகள் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்யவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் போக நினைக்கும், வீடு, மனை கைமாறும் காகிதங்களைக் கவனிக்கும் சொத்துப் பரிமாற்றப் பிரிவின் செயலாளர் பதவியைப் பெயரை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள்.

ஒரு வீடு கைமாறும்போது விற்பவர், வாங்குபவர், கடன் கொடுக்கும் வங்கி, பழைய அடமானத்தை வைத்திருக்கும் இன்னொரு வங்கி, வரி அலுவலகம், பதிவு அலுவலகம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அத்தனை பேரின் காகிதங்களும் உரிய நாளில் ஒரே கோப்பில் சேர்ந்தாக வேண்டும். சேர்ப்பவர் செயலாளர்தான். கையெழுத்தும் சட்டப் பொறுப்பும் வழக்கறிஞருடையவை. ஆனால் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் அவரே செயலாளரின் மேஜைக்குத்தான் வருவார்.

இங்கே தட்டச்சு வேகத்தைவிடக் கண்தான் முக்கியம். மூலப் பத்திரத்தில் மனை எண் 147, வரைவில் 174. அடையாள அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். பத்திரத்தில் தலைப்பெழுத்து மட்டும். இது பதிவுக்குப் போய்த் திரும்பி வந்தால் எல்லோரும் மறுபடி கையெழுத்திட வேண்டும். அதற்குள் விற்றவர் வெளியூர் போயிருப்பார்; வாங்கியவரின் சாமான் வண்டி வாசலில் நிற்கும்.

பணம் இன்னும் நுட்பமான இடம். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று விற்பவர் பெயரில் மின்னஞ்சல் வரும். அனுப்பியவன் மோசடிக்காரனாக இருக்கலாம். மின்னஞ்சலில் உள்ள எண்ணை நம்பாமல், கோப்பில் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்பவர்தான் நல்ல செயலாளர்.

குறையும் உண்டு. தாமதம் யாருடையதானாலும் தொலைபேசியில் திட்டு வாங்குவது செயலாளர். வீட்டு விற்பனை மந்தமானால் இந்தப் பிரிவில்தான் முதலில் வேலை குறையும்.

மேலே போகும் வழி நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் வழக்கறிஞர் ஆகாமலே சொத்துப் பரிமாற்றத்துக்கென்று தனி உரிமம் பெறலாம். 1985ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த கதவு அது. தென் ஆப்பிரிக்காவில் வழக்கறிஞரான பிறகு தனித் தேர்வும் எழுதியாக வேண்டும். ஆகவே நேர்காணலில் சம்பளத்தோடு, ஒருவர் கையில் எத்தனை கோப்புகள், வேலையைக் கற்றுத்தரப்போவது யார், படிக்க விடுப்பு உண்டா என்றும் மகள் கேட்கட்டும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. பழைய பத்திரத்தின் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். மறுநாள் மூலத்தோடு ஒப்பிட்டு அவரே பிழை தேடட்டும். ஒரு பிழை அகப்பட்டதும் முகம் மலர்கிறதா, கொட்டாவி வருகிறதா என்று பாருங்கள்.