பெர்லினில் யூதப் பள்ளியில் நம் பிள்ளையைச் சேர்க்கலாமா?

தங்கச்சி, மகள் ஆறாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மோசஸ் மெண்டல்சோன் யூத கிம்னாசியத்தில் (பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் உயர்நிலைப் பள்ளி) மற்ற மதப் பிள்ளைகளையும் எடுக்கிறார்களாம், சேர்க்கலாமா, மதம் மாற்றிவிடுவார்களோ, வாசலில் ஏன் போலீஸ் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் ஆபிட்டூர் என்னும் பள்ளி இறுதித் தேர்வு வரை அங்கேதான் படித்தாள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதமாற்றப் பயத்தை முதலில் விடுங்கள். யூதர்கள் ஆள் சேர்ப்பதில்லை. ஒருவர் தானாக விரும்பிப் போனாலும் ரப்பி, அதாவது யூத மதகுரு, லேசில் சம்மதிக்கமாட்டார், நீண்ட காலம் படிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன்மார் மிஷன் பள்ளிக்கூடத்தில் பைபிள் படித்துவிட்டுப் பின்னேரம் கோயிலுக்குப் போனவர்கள், ஆறுமுக நாவலரே வெஸ்லியன் பள்ளியில் படித்து, பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அங்கே பாதிரிமாருக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது, இங்கே அது அறவே இல்லை. ஆனால் பாடம் உண்டு. பெர்லின் அரசுப் பள்ளிகளில் மத வகுப்பு விருப்பப் பாடம், ஏழாம் வகுப்பிலிருந்து எத்திக் என்னும் நெறியியல் பாடம்தான் கட்டாயம். இந்தப் பள்ளியிலோ ஹீப்ருவும் யூத மதமும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கவேண்டியவை. நம் பிள்ளைக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று நினைத்தால் வேறு பள்ளி பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை ஹாக்கெஷர் மார்க்ட் பக்கம் போய், பள்ளி இருக்கும் தெருவை மகளோடு நடந்து பாருங்கள். ஒரே தெருவில் புரோட்டஸ்டன்ட் சோஃபியன் தேவாலயம், கத்தோலிக்கரின் ஹெட்விக் மருத்துவமனை, யூதப் பள்ளி மூன்றும் இருப்பதால் முன்பு அதைச் சகிப்புத்தன்மைத் தெரு என்பார்களாம். 1778-இல் தொடங்கிய யூத இலவசப் பள்ளிதான் இதற்கு வேர். யூதத் தத்துவஞானி மெண்டல்சோனின் சிந்தனையில் பிறந்த அந்தப் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். 1819-இல் பிரஷ்ய அரசு கிறிஸ்தவப் பிள்ளைகள் அங்கே படிப்பதைத் தடைசெய்தது. யூதர்கள் கதவைச் சாத்தவில்லை, சாத்தவைத்தார்கள். இப்போதைய கட்டடம் 1906-இல் எழுந்தது. 1942-இல் நாஜிகள் பள்ளியை மூடி, அதையும் பக்கத்து யூத முதியோர் இல்லத்தையும் முகாம்களுக்கு அனுப்பப்போகிறவர்களை அடைத்துவைக்கும் இடமாக்கினார்கள். முதியோர் இல்லம் இருந்த இடத்தில் இப்போது நினைவுச் சிலைகள் நிற்கின்றன, அதற்குப் பின்னால் அழிக்கப்பட்ட பழைய மயானத்தில் மெண்டல்சோனுக்கு ஒரு கல். 1993-இல் பள்ளி மறுபடி திறந்தபோது மற்ற மதப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பட்ட பிறகும் அப்படிச் செய்தார்களே என்று எனக்கு இன்றைக்கும் மனம் நெகிழும்.

அப்புறம் போலீஸ். ஜெர்மனியில் யூதப் பள்ளி, ஜெபாலயம் எதற்கும் காவல் இருக்கும். 2019-இல் ஹாலே நகரில் யோம் கிப்பூர் என்னும் யூதப் புனித நாளன்று துப்பாக்கியோடு வந்தவனை ஜெபாலயத்தின் கதவுதான் தடுத்தது; அவன் வெளியே இரண்டு பேரைக் கொன்றான். 2023 அக்டோபரில் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. கிப்பா என்னும் யூதக் குல்லா போட்ட பையன்கள் ரயில் ஏறும்போது மேலே ஒரு தொப்பியைப் போட்டு மறைப்பார்கள் என்று மகள் வந்து சொன்னபோது எனக்கு 1983 ஜூலைக் கலவரமும், கொழும்பில் பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறிய பெண்களும்தான் ஞாபகம் வந்தார்கள். உள்ளே பிள்ளைகள் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயத்தில் உங்கள் மகளுக்கும் ஒரு பங்கு வரும், அதற்குச் சம்மதமா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நமக்குக் கஷ்டமில்லை. கோஷர் என்னும் யூத உணவு முறையில் பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாது, பன்றி கிடையாது. வீட்டிலிருந்து இறைச்சியே கொடுத்துவிடாதீர்கள். வெள்ளி மாலையில் யூதரின் ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு சில தோழிகள் போன் எடுக்கமாட்டார்கள், கோபிக்க வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லிவையுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பாட் மிட்ஸ்வா (பெண்பிள்ளைகளுக்கு), பார் மிட்ஸ்வா (பையன்களுக்கு) என்னும் வயதுக்கு வரும் சடங்குகளுக்கு அழைப்புகள் வரும், கட்டாயம் அனுப்புங்கள், பிள்ளைகள் ஒட்டிக்கொள்வதே அங்கேதான். தீபாவளிக்குப் பதில் அழைப்பு நீங்கள் கொடுங்கள்.

அப்படி அழைக்கும் முன் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். பூஜைத் தட்டில், வாசல் ஸ்டிக்கரில், அழைப்பிதழில் ஸ்வஸ்திக் இருக்கும். அது நமக்கு மங்களம், அந்தப் பிள்ளைகளுக்கு பாட்டியின் பெற்றோரைக் கொன்றவர்களின் கொடி. நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மன் சட்டப்படி குற்றமும்கூட. விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பூஜை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். புத்தக உறை, சங்கிலி எதிலும் வேண்டாம்.

ஒரு விஷயம்தான் எனக்கு யோசனை. பாடமெல்லாம் ஜெர்மனில். ஊரிலிருந்து வந்த கையோடு ஜெர்மனும் ஹீப்ருவும் ஒன்றாக என்றால் பிள்ளை திணறிப்போகும். மகளுக்கு ஜெர்மன் இன்னும் வரவில்லை என்றால் அரசுப் பள்ளியின் வரவேற்பு வகுப்பில் முதலில் மொழியைப் பிடிக்கட்டும், பிறகு மாற்றலாம். ஓரளவு வரும் என்றால் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே பள்ளி அலுவலகத்துக்கு போன் போட்டு இடம் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். போகும்போது பாஸ்போர்ட் கொண்டுபோங்கள், வாசலில் கேட்கலாம்.