கழுத்தில் குழாய் வைத்த நோயாளிக்கு மானிட்டரில் ஆக்சிஜன் 97 காட்டினால் கவலை இல்லைதானே?

உங்கள் மாமனாருக்கு டிரக்கியாஸ்டமி (மூச்சு விடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது) செய்து 12 நாட்கள் ஆகின்றன என்றும், குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும் என்று ஐசியூவில் எச்சரித்தார்கள் என்றும், மானிட்டரில் 97, 98 என்று தெரியும்வரை அச்சமில்லைதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அச்சமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். குழாய் அடைபடும்போது பெரும்பாலும் கடைசியாக மாறுவது அந்த எண்தான்.

நாம் இழுக்கும் காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரப்படுத்தி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கின் வேலை. கழுத்து வழியாக மூச்சு விடுபவருக்கு அந்த வேலை நின்றுவிடுகிறது. சுவரிலிருந்து வரும் ஆக்சிஜனில் ஈரமே கிடையாது; போதாததற்கு ஏசி அறை. இருமித் தள்ள வலுவில்லாத நோயாளியின் சளி, குழாயின் உட்சுவரில் படலம் படலமாக ஒட்டி இறுகுகிறது. உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, கணக்குப்படி 16 மடங்கு ஆகிறது. ஆகவே நேற்றுவரை தாங்கிய குழாய் இன்று ஒரு சிறு கட்டியால் மூச்சை நிறுத்திவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பணியில், வென்டிலேட்டரிலிருந்து விடுவித்து, தானாக மூச்சு விடுபவரின் குழாயில் ஆக்சிஜன் தரும் டி-பீஸ் இணைப்பில் வைத்திருந்த நடுவயதுக்காரர் ஒருவர் என் பொறுப்பில் இருந்தார். கை கால் அசையாது, குரல் வராது. நாக்கைச் சொடுக்கித்தான் எங்களை அழைப்பார். விடியற்காலை மூன்று மணி அளவில் அவர் விடாமல் சொடுக்கினார். மானிட்டரில் 97. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் காறை எலும்புக்கு மேலே குழி விழுந்தது. சக்‌ஷன் போட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கலாம் என்று மெல்லிய குழலை உள்ளே விட்டேன். நான்கு விரற்கடை போனதும் முட்டிக்கொண்டு நின்றது. மருத்துவரைக் குரல் கொடுத்து அழைத்துக்கொண்டே, கழுத்துக் குழாய்க்குள் தனியாகக் கழற்றும்படி இருக்கும் உள்குழாயைத் திருகி வெளியே எடுத்தேன். அதன் நுனியில், முருங்கை மரத்தில் வடிந்து காய்ந்த பிசினைப் போல, பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. அடுத்த நொடி காற்று உள்ளே பாயும் ஓசை கேட்டது. பிறகு பார்த்தால், ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஜாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பணி மாறும்போது நான் மருந்துத் தாளைப் பார்த்தேனே தவிர, ஜாடியைப் பார்க்கவில்லை.

அந்த 97 பொய்யல்ல. கூடுதல் ஆக்சிஜன் பெறும் நோயாளியின் நுரையீரலில் அது நிறைந்திருப்பதால், காற்று இழையாகப் போனாலும் இரத்தம் சிறிது நேரம் சமாளித்துக்கொள்ளும். வெளியேற முடியாமல் முதலில் தேங்குவது கார்பன் டை ஆக்சைடு. அதனால்தான் வென்டிலேட்டரில் உள்ளவர்களுக்கு, வெளிவிடும் மூச்சில் அதை அளந்து காட்டும் கேப்னோகிராஃப் வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். 2011இல் பிரிட்டனில் வெளியான தேசியத் தணிக்கை ஒன்று, ஐசியூவில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளில் பத்தில் ஏழுக்கு மேற்பட்டவற்றுக்கு அக்கருவியைப் பயன்படுத்தாததும் காரணமாக இருந்திருக்கலாம் என்று கண்டது. அங்கே மிகப் பெரிய கேடு விளைவித்தது, கழுத்துக் குழாய் இடம் நழுவியதுதான்.

அடைப்பு என்று சந்தேகம் வந்தால், உதவிக்கு ஆள் அழைத்து, முகத்துக்கும் கழுத்துத் துளைக்கும் சேர்த்து ஆக்சிஜன் கொடுத்து, பேச்சு வால்வோ (பேசுவதற்காகக் குழாயின் வாயில் பொருத்தும் ஒருவழி வால்வு) மூடியோ இருந்தால் அகற்றி, உள்குழாயை எடுப்போம். பிறகு சக்‌ஷன் குழல் இறங்குகிறதா என்று பார்ப்போம். இறங்காவிட்டால், வாய்வழியாகக் காற்று போக இடம் கிடைக்கட்டும் என்று கஃப்பின் (குழாயைச் சுற்றி மூச்சுக்குழாயை அடைத்திருக்கும் சிறு பலூன்) காற்றை இறக்குவோம். அதற்கும் மூச்சு திரும்பாவிட்டால் குழாயையே எடுத்துவிடுவதுதான் முறை. அடைத்த குழாய் மூச்சுப்பாதை ஆகாது, தடைதான். கழுத்தில் இருப்பதாலேயே அதை எடுக்கத் தயங்குவது மனித இயல்பு, நானும் தயங்கியிருக்கிறேன். ஆனால் ஊசி வழியாகத் துளையிட்டிருந்தால் முதல் 7 முதல் 10 நாட்களுக்குத் துளையின் பாதை உறுதிப்படாது. அப்போது வெளியே வந்த குழாயைக் கண்மூடித்தனமாகத் திரும்பச் செருகினால், அது மூச்சுக்குழாய்க்கு முன்னால் உள்ள தசையில் புகுந்துவிடலாம்.

உள்குழாய் இல்லாத வகையையும் நான் வேலை பார்த்த இடங்களில் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மாமனாருக்கு எந்த வகை என்று கேளுங்கள். உள்குழாய் இருந்தால் எத்தனை மணிக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அருகில் உட்காரும்போது எண்ணைவிட அவருடைய முகத்தையும் கழுத்தையும் பாருங்கள். வியர்வை, பதற்றம், கழுத்துக் குழி உள்வாங்குதல், விசில் போன்ற ஓசை, கஃப்பில் காற்று இருந்தும் திடீரெனக் குரல் வருதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் சிஸ்டரை உடனே கூப்பிடுங்கள். தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். நீங்களாகக் குழாயைத் தொடாதீர்கள். பேச்சு வால்வு பொருத்தும்போது கஃப்பின் காற்றை முழுவதும் இறக்கியாக வேண்டும். இறக்காவிட்டால் காற்று உள்ளே போகுமே தவிர, வெளியே வர வழியில்லை.

கட்டிலருகே ஓர் அவசரப் பெட்டி இருக்க வேண்டும்: அதே அளவில் ஒரு குழாய், ஓர் அளவு சிறியதாக இன்னொன்று, கஃப்புக்கான சிரிஞ்ச், தையல் வெட்டும் கத்தரி, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை. ஒரு முறை எங்கள் பெட்டியைத் திறந்தபோது சிரிஞ்ச் மட்டும் இல்லை. வேறு வேலைக்கு யாரோ எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து பெட்டியை டேப் ஒட்டி மூடி, சரிபார்த்தவர் அதன் மேல் தேதியும் நேரமும் எழுதிவிடுகிறோம்.