அம்மாவின் உழைப்பு செலவுக் கணக்கில் வராதா?

கேள்வி: தேவாலயத்தில் எனக்குத் திருமணம். நடுவழி முழுவதும் ரோஜா இதழ்கள் தூவவும், இருக்கை ஓரங்களில் பூச்செண்டுகள் கட்டவும் ஆசை. அலங்காரக்காரர் கேட்கும் தொகை கட்டுப்படியாகவில்லை. பூக்களை மொத்தமாக வாங்கிவிட்டால், அன்று விடியற்காலையில் அம்மா எழுந்து 5,000 இதழ்களை உதிர்த்துத் தந்துவிடுவார். வேறு எப்படிச் செலவைக் குறைக்கலாம்?

பதில்: போகிற போக்கில் எழுதிய அந்த அம்மா வரியை மறுபடி படியுங்கள். பூவுக்கு 30 இதழ்கள் என்று வைத்தாலும் 167 ரோஜாக்கள். பூவுக்கு ஒரு நிமிடம் என்றால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். மகளின் திருமணக் காலையில் குளித்து, நிதானமாக உடுத்தி, முதல் வரிசையில் அமர்ந்து ஜெபிக்க வேண்டியவரைப் பூ வாளிகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டு, அதைச் சிக்கனம் என்கிறீர்கள். "நானே செய்கிறேன்" என்று அவரே சொல்லியிருப்பார். பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தடுக்க வேண்டியது பிள்ளையின் கடமை. மாப்பிள்ளை என்ன செய்யப்போகிறார் என்று ஒரு சொல்கூட உங்கள் கடிதத்தில் இல்லையே!

முந்தின நாள் மாலை மாப்பிள்ளையும் நீங்களும் நண்பர்களும் உட்கார்ந்து உதிர்த்துவிடுங்கள். மூடிய டப்பாவில் லேசாக ஈரமாக்கிய காகிதத் துண்டை விரித்து இதழ்களைப் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைவரை வாடாது. ஆனால் 5,000 வேண்டாம். நடக்கும் இடத்தில் தூவினால் இதழ்கள் நசுங்கிக் கறை படியும், வழுக்கும். இருபுறமும் ஓரமாக மெல்லிய கோடாகத் தூவினால் போதும். பூச்செண்டுகளை ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்குக் கட்டுங்கள். பூ குறைவாகவும் இலை நிறையவும் இருக்கட்டும். ரிப்பனால் கட்டுங்கள், ஒட்டும் நாடா மரத்தின் மெருகைக் கெடுக்கும். பீடத்தருகே வைக்கும் பூச்சாடிகளையே பிறகு வரவேற்பு மேடைக்குக் கொண்டுபோகலாம்.

பூ வாங்குமுன் ஆலயத்தில் கேளுங்கள். இதழ் தூவவே அனுமதிக்காத ஆலயங்கள் உண்டு. கத்தோலிக்க ஆலயம் என்றால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சில நாட்களைத் தவிரப் பீடத்தைப் பூக்களால் அலங்கரிக்க வழிபாட்டு விதி இடம் தருவதில்லை.

திருப்பலியோ ஆராதனையோ முடிந்ததும் தரையைக் கூட்டியாக வேண்டும். அதற்கு இரண்டு பேரை இன்றே பெயர் சொல்லி நியமியுங்கள். அந்த இருவரில் அம்மா இருக்கக் கூடாது.